சதுரத் துணியில் ஒரு சுன்னா

திருப்பதியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் பூத்தையல் வகுப்பில் சேரக் கைபேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். புதிதாகக் கற்பவரா, சுமாராகத் தைப்பவரா, தேர்ந்தவரா என்று அது கேட்டதாம். யோசிக்காமல் 'தேர்ந்தவர்' என்று அழுத்தினாள். பொத்தான் அறுந்தால் சட்டையையே மாற்றிவிடுகிற பெண் அவள். பெற்றவள் ஆயிற்றே, சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

எங்கள் காலத்தில் அந்தத் தைரியம் யாருக்கு இருந்தது? சித்தூரில் மிஷன் கோயிலை ஒட்டிய கூடத்தில் சனிக்கிழமைதோறும் தையல் வகுப்பு. மேட்டித் துணி, முனை மழுங்கிய ஊசி, நூல்கண்டு எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். மேட்டி என்பது கட்டம் கட்டமாக நெய்த கெட்டித் துணி. கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனால் எழுத்தோ கிளியோ வந்துவிடும். என் கிளியைப் பார்த்தவர்கள் முட்டை போடுமா என்று கேட்டார்கள்.

டீச்சரம்மா தரம் பிரித்த விதம் வேறெங்கும் இருந்திருக்காது. இங்கிலீஷ் எழுத்து தைப்பவர்கள் முதல் பெஞ்சு. அது குச்சி குச்சியாகக் கட்டத்துக்குள் உட்கார்ந்துவிடும். தமிழ் தைத்தால் இரண்டாவது. ப, ட எல்லாம் சாது, 'ஆ' வந்தால்தான் வம்பு. மூன்றாவது பெஞ்சுக்குத் தெலுங்கு. அது மொத்தமும் உருண்டை. சதுரத் துணியில் உருண்டையைக் கொண்டுவருகிறவள்தான் தையல்காரி என்பது அவர் கட்சி.

அந்த மூன்றாவது பெஞ்சில் சரோஜா இருந்தாள். நான் பக்கத்துக் கிராமம் குடிபாலா, அவள் டவுனில் வாத்தியார் மகள். சனிக்கிழமையை விட்டால் பார்க்க வழியில்லை. பக்கத்தில் இருப்பவளோடு மெல்லப் பேசலாம், பெஞ்சு தாண்டிப் பேசக் கூடாது என்பது சட்டம். இரண்டாவது பெஞ்சில் இருந்த எனக்கு, அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை.

வீட்டிலோ நைனா, என் அப்பா. சித்தூர் மெட்ராசோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம் விடாமல் போய்க்கொண்டிருந்தார். வெல்ல மண்டியில் நாளெல்லாம் தெலுங்கில் பேரம் பேசுகிறவரும் அவர்தான். பெஞ்சு ஏறத் தெலுங்கு தைக்கப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

"நம்மூட்டுப் பொண்ணு தெலுங்கு எய்த்து தெச்சிக்கினு குந்தறதா?" என்றார்.

"நீ மண்டில பேசறியே நைனா?"

"அது வாய்ல வந்து காத்துல பூடும். துணில தெச்சா நிக்குமே."

அவர் மண்டிக்குப் போகும் நேரம் பார்த்துத் தைத்தேன். 'ரண்டி' என்று ஒரே வார்த்தை, வாங்க என்று அர்த்தம். தெலுங்கில் அதன் நடுவே ஒரு சுழி வரும், சுன்னா என்பார்கள். டீச்சரம்மா துணியைத் தூக்கிப் பிடித்து, "இது சுன்னாவாம்மா, ஜன்னலா?" என்றார். மூன்று பெஞ்சும் சிரித்தது. தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் சரோஜாதான் சொல்லிக்கொடுத்தாள். "மூலைல ஒவ்வொரு கட்டமா எறங்குடி. தள்ளி நின்னு பாத்தா உருண்டையா பூடும்."

மாதக்கணக்கில் இறங்கினேன். பரீட்சையன்று என் சுன்னா உருண்டது. டீச்சரம்மா தலையசைத்து மூன்றாவது பெஞ்சைக் காட்டினார். பையை எடுத்துக்கொண்டு திரும்பினால், எதிரே சரோஜாவும் பையோடு நிற்கிறாள். அன்று அவள் தைத்த சுன்னா அசல் சதுரம். அவளை இரண்டாவது பெஞ்சுக்கு இறக்கிவிட்டார்கள்.

"நீ ஏறி வர்றதுக்குள்ள வர்சமே பூடும்னு நானே எறங்கிக்கினேன்டி" என்றாள்.

அடுத்த பரீட்சை வரை இடம் மாறக் கூடாது. முன்னும் பின்னுமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். அதற்குள் எல்லை முடிவாகிவிட்டது. திருத்தணி மெட்ராசுக்குப் போயிற்று, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. நைனா கூட்டங்களை விட்டு மண்டியோடு நின்றுகொண்டார். சரோஜாவின் அப்பா தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு திருத்தணிப் பக்கம் போய்விட்டார்.

அந்தக் கூடத்தை இடித்துக் கடைகள் கட்டியாயிற்று. மேட்டித் துணி கேட்டால் கடைக்காரர் விழிக்கிறார். போகட்டும். திருத்தணி ஒன்றும் தொலைவில்லை, பஸ் ஏறினால் போய்விடலாம். அங்கே யார் வீட்டைக் கேட்டு நிற்பது என்றுதான் தெரியவில்லை. நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவள்மேல் கோபம்தான் வருகிறது. அவள் பேசாமல் மேலேயே இருந்திருந்தால், கொஞ்ச நாளாவது ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்.