சிட்னியில் விக்ராந்தின் அக்காள்

1975 ஆகஸ்ட், சனிக்கிழமை காலை. எங்கள் சரக்குக் கப்பல் சிட்னியில் வுலூமுலூத் துறையில் நின்றது. திங்கள் மாலைதான் கிளம்பும் என்றார்கள். குளிர் காதை அறுத்தது. பாலத்தையும் புதுக் கலையரங்கத்தையும் பற்றி ஊரில் எல்லோரும் எழுதியாயிற்று. எனக்கு அவை வேண்டாம். பக்கத்திலேயே கார்டன் ஐலண்ட் கடற்படைத் தளத்தில் விமானந்தாங்கிக் கப்பல் மெல்பர்ன் நின்றது. அன்று பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம். நடந்தால் பத்து நிமிடம், கட்டணம் கிடையாது.

நம்முடைய விக்ராந்தின் அக்காள் அது. இரண்டுமே போர் நடக்கும்போது பிரிட்டன் கட்டத் தொடங்கிய ஒரே வகைக் கப்பல்கள். விக்ராந்தின் கொதிகலன் அறையில் எட்டு வருஷம் வெந்தவன் நான்.

வாசலில் செல்வநாதன் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்புத் துறைமுகத்தில் ஃபிட்டராக இருந்தபோது பழக்கம். இப்போது இந்தத் தளத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை. மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'மீட் பை' ஆளுக்கொன்று வாங்கித் தின்றோம். முப்பத்தைந்து சென்ட், உப்பும் இல்லை உறைப்பும் இல்லை.

"ஐசே, ஒரு விசயம்," என்றார் அவர். "மனுசியின்ரை விசா அலுவல் அடுத்த கிழமை முடியும். வேலைக் கடிதம் குடுத்திருக்கிறன். தளத்துக்குள்ளை போற பாஸ் பறிபோனா வேலை இல்லை, வேலை இல்லாட்டி மனுசியும் இல்லை, பிள்ளையும் இல்லை. வாயை வைச்சுக்கொண்டு சும்மா வாரும்."

"நான் என்ன சண்டைக்கா வந்திருக்கேன்?" என்றேன்.

"உம்மடை மூஞ்சி எப்பவும் அப்பிடித்தானே இருக்கு."

பதினொரு மணிக்கு ஏறினோம். ஏறத்தாழ எழுநூறு அடி நீளம். பக்கவாட்டில் சாய்ந்து போகும் ஓடுதளம், நீராவியால் விமானத்தை வீசும் கவண், எல்லாம் நம்முடையதைப் போலத்தான். வழிகாட்டிய இளம் மாலுமி பெருமையாகப் பேசிக்கொண்டே போனான். ஆனால் இந்த வகைக் கப்பலை மூன்று வருஷம் ஓடினால் போதும் என்று மலிவாக வடிவமைத்தார்கள். கவசம் கிடையாது. உடம்பு வணிகக் கப்பல் முறையில் கட்டியது. போர் முடிந்ததும் வெள்ளைக்காரன் அரைகுறையாக நின்றவற்றை எங்களுக்கும் இவர்களுக்கும் விற்றான். இதையெல்லாம் அந்த மாலுமி சொல்லவில்லை. 1964இலும் 1969இலும் இரண்டு நாசகாரிக் கப்பல்கள் இதன் முன்னால் குறுக்கிட்டு இரண்டாக வெட்டுண்டன. நூற்றைம்பது பேருக்கு மேல் செத்தார்கள். அதையும் சொல்லவில்லை. எனக்கு எரிச்சல் ஏறியது. செல்வநாதன் என் முழங்கையைக் கிள்ளினார்.

விமானக் கூடத்துக்கு இறங்கினோம். கூட்டம் விமானங்களைத் தூக்கும் மின்தூக்கியைப் பார்க்க நகர்ந்தது. இடப்பக்கம் பின்னால் எனக்குத் தெரிந்த திறப்பு. இந்தக் கப்பல்களில் கொதிகலனும் விசையாழியும் சேர்ந்த அறைகள் இரண்டு. ஒன்று வலப்பக்கம் முன்னால், ஒன்று இடப்பக்கம் பின்னால். ஒரே குண்டு இரண்டையும் கெடுக்கக்கூடாது என்று அப்படி. 1971 போரில் ஒரு கொதிகலன் விரிசலோடு, மிச்சம் மூன்றை நம்பி வங்கக் கடலில் ஓடியவர்கள் நாங்கள். திறப்பில் குறுக்கே சங்கிலி கிடந்தது. எட்டு வருஷம் முறைவேலைக்கு ஓடிய கால் சங்கிலியைத் தாண்டிவிட்டது. கொதிகலன் பார்க்கும் ஸ்டோக்கர் ஏணியில் படிப்படியாக இறங்குவதில்லை. இரண்டு கம்பிகளையும் பிடித்துச் சறுக்குவான். சறுக்கினேன்.

சூடும் எண்ணெய் வாடையும் மூக்கில் அடித்தன. அடுத்த நொடி ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்தது. மாலுமிகளை மேய்க்கும் தடித்த 'பெட்டி ஆபீசர்' ஒருவர். பின்னால் இரண்டு மாலுமிகள்.

"யார் நீ? யாரோடு வந்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இதே வகைக் கப்பலில் வேலை பார்த்தவன். தனியாக வந்தேன்," என்றேன்.

என் கப்பல் அடையாள அட்டையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிநாட்டான், போர்க்கப்பலின் அடித்தளம். ஒரு மாலுமி தொலைபேசியை எடுத்தான். கையைக் காலரிலிருந்து எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் அடிதடிதான்.

அப்போது மேலிருந்து செல்வநாதனின் குரல் வந்தது. "அவர் என்ரை ஆள்!" பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார், "என் விருந்தாளி."

அறிவுகெட்ட மனிதர். நான் காப்பாற்றியதை அவரே கெடுத்தார்.

பெட்டி ஆபீசர் அவருடைய பாஸை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வா என்றார். எங்களை வாசல்வரை நடத்திக் கொண்டுவந்து விட்டார்கள்.

"தனியா வந்தேன்னு சொன்னேன்ல? ஏம்யா வாயைத் தொறந்தீரு?"

"வாசல்லை ரெண்டு பேரின்ரை பேரையும் எழுதினவங்கள். பொய் சொல்லிப் பிடிபட்டா இன்னும் மோசம். உமக்கென்ன, உம்மடை கப்பல் போயிடும்," என்றார். திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனார்.

ஞாயிறு முழுவதும் கப்பலிலேயே கிடந்தேன். துறைமுகத்தில் கைவிட்டு நிறுத்தியிருந்த 'சிட்னி' என்ற பழைய விமானந்தாங்கி தெரிந்தது. அதே குடும்பம், கொரியாவில் சண்டை போட்டது, வியட்நாமுக்குப் படையாட்களை ஏற்றிப் போனது. இனி பழைய இரும்புதான். பார்க்கப் பிடிக்கவில்லை.

திங்கள் மாலை. ஏணியைத் தூக்கும் நேரத்தில் செல்வநாதன் கரையில் வந்து நின்றார். வேலை உடுப்பு.

"என்னாச்சு?" என்று கத்தினேன்.

"ரெண்டு மணித்தியாலம் நிக்க வைச்சுப் பேசினவங்கள். பாஸைத் தந்திட்டாங்கள்."

"அப்ப வீட்டம்மா?"

"வருவா. விசாவுக்கு ஒண்டுமில்லை." பிறகு அவரும் கத்தினார். "ஆனா இன்னொருக்கா சிட்னிக்கு வந்தா என்னைத் தேடாதையும். விளங்குதோ?"

கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். கப்பல் கரையைவிட்டு விலகியது.

"விளங்குது," என்றேன். அவர் இடத்தில் நான் இருந்தால் சொல்லவே வந்திருக்க மாட்டேன். அவர் வந்தார். சிட்னியைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்ல விஷயம் அது ஒன்றுதான்.