விழுப்புரம் வரை ஓர் இரைச்சல்

கார் டேப் செட்டில் இரைச்சல் எடுக்கிற வேலையில் ஒரு தொல்லை உண்டு: கடை வாசலில் நிற்கும்போது வண்டி பரம சாதுவாக இருக்கும், ரோட்டில் ஏறினால்தான் கூய் என்று கத்தும். ஓட்டிப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு கடையில் இந்த வேலை பார்த்தேன். கல்யாணமாகி ஏழு மாதம். மனைவி வசந்தா விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர். பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். எனக்கு ஞாயிறு லீவு. புதிதாகச் சேர்ந்தவள் என்று அவளுக்கு ஞாயிறுதோறும் டூட்டி. மாற்றலுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மனைவி ஓர் ஊர், வேலை ஓர் ஊர் என்று கிடந்தவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்து நிமிஷ வேலை

ஒரு நிலக்கடலை மண்டிக்காரர் அம்பாசிடர் கொண்டுவந்தார். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் விசில் ஏறியது. டேப் செட்டின் எர்த் வயரை இரும்பில் படாமல் பெயின்டின் மேலேயே முடுக்கியிருந்தார்கள். உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு தெரிந்ததும் நட்டை முறுக்கினேன். பத்து நிமிஷ வேலை.

"விழுப்புரம் வரைக்கும் ஓட்டிப் பாத்துடலாங்க" என்றேன். முகத்தை ரொம்பத் தீவிரமாக வைத்துக்கொண்டேன். எக்ஸ்சேஞ்ச் வாசலில் வசந்தாவின் டீ நேரத்தில் கொஞ்சம் பேசிவிட்டுத் திரும்பினேன். பாதி வழியில் மண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "சத்தம் உங்க கடையாண்டயே நின்னு போச்சேப்பா, அங்க மல்லாட்டை லோடு காத்துக்கினு கெடக்குது, என்னை எதுக்கு அம்மாந்தூரம் ஓட்ட வச்சே?"

லைன் டெஸ்ட்

எப்போதாவது வேலை குறைந்த நேரத்தில், லைன் டெஸ்ட் செய்கிற சாக்கில் வசந்தா கடை போனுக்குக் கூப்பிடுவாள். லைன் முழுக்கக் கரகரப்பு. பாதி வார்த்தைகள் வந்து சேராது. ஊரார் வண்டி இரைச்சலையெல்லாம் எடுக்கிற எனக்கு, அந்த ஓர் இரைச்சலை ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒருநாள் முதலாளி பக்கத்திலேயே நின்றார். என்ன பேசுவதென்று தெரியாமல், "அப்ப வச்சுடவா?" என்றேன்.  அவள் சொன்னது இதுதான்: "நீங்க பேச வேணாம், சும்மா அப்படியே வச்சுக்கினு இருங்க, கடைச் சத்தம் கேக்குது, எனக்கு அது போதும்."

கோதண்டம் வண்டி

கோதண்டம் டாக்ஸி டிரைவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். புதன்கிழமைதோறும் ஒரு வக்கீலை விழுப்புரம் கோர்ட்டுக்கு அழைத்துப் போவார். அவர் வண்டியிலும் எர்த்தில்தான் கோளாறு. சரி செய்து, வழக்கம்போல் கூடவே போய் ஓட்டிப் பார்த்தேன். எக்ஸ்சேஞ்ச் வாசலில் நாங்கள் நின்றதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த புதன் காலை அதே இரைச்சலோடு வந்தார். அதற்கடுத்த புதனும். "இன்னாப்பா, கையில தொழில் போயிடுச்சா?" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்டென்சர் மாற்றினேன், வயர் மாற்றினேன்; ஒவ்வொரு தடவையும் சத்தம் அடங்க, விழுப்புரம் வரை கூடவே போய் ஓட்டிப் பார்த்தேன். நாலாவது புதன்கிழமையும் வண்டி கத்திக்கொண்டே வந்து நின்றது.

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். ஸ்பேனர் போட்டு நான் முறுக்கிய நட்டு இரண்டு சுற்றுக் கழன்றிருந்தது. அதன்மேல் பளபளவென்று கட்டிங் பிளேயர் கடித்த தடம். அது என் வேலை இல்லை. தலையை வெளியே எடுத்து அவரைப் பார்த்தேன். வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்தபடியே அவர் சொன்னார்: "நான்தாம்பா லூஸ் பண்ணேன், நீ பாட்டுக்கு டைட் பண்ணிட்டா அப்புறம் இன்னா சொல்லிக்கினு என் வண்டியில ஏறுவே? வக்கீலு காத்துக்கினு கீறாரு, ஜல்தி ஏறு."

அடுத்த ஆனி வரை வசந்தாவுக்கு மாற்றல் வரவில்லை. அதுவரை ஊரிலுள்ள வண்டிக்கெல்லாம் ஸ்பேனர் போட்டு முறுக்கிய நான், அந்த ஒரு நட்டை மட்டும் வெறும் கையால்தான் முறுக்கினேன்.