மாணவி எழுத வேண்டிய பகுதி

2025 ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை. கடலூர். ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். ஆறு பத்துக்குப் பால் பாக்கெட் இரண்டு வாங்கிவந்தேன். ஏழரைக்கு இட்லி. விடுமுறைக்கு என்னோடு வந்திருக்கும் மகள் ரோஷினி, தட்டிலிருந்த இட்லிகளைத் தொட்டுத் தொட்டு "அன், தே, த்ருவா" என்று பிரெஞ்சில் எண்ணினாள். ஆட்டவாவில் ஆறு ஆண்டுகளாகப் பிரெஞ்சு வழியில் படிக்கிறாள். தூக்கக் கலக்கத்தில் முதலில் வருவது அந்த மொழிதான். எனக்கும் என் மனைவிக்கும் அதில் ஒரு வரி தெரியாது.

"என்னாடி பாப்பா, மந்திரம் சொன்னாத்தான் எறங்குமா?" என்றான் ஆரோக்கியம். மனைவியின் தம்பி, அவன் வீட்டில்தான் தங்கியிருக்கிறோம்.

எட்டு மணிக்கு அவள் பள்ளியின் மின்னஞ்சலைத் திறந்தேன். செப்டம்பரில் அவள் ஏழாம் வகுப்பு. பிரெஞ்சு வழி வேண்டுமானால் இரண்டு பஸ் மாறிப் போகும் பள்ளி. வீட்டருகே உள்ளதில் ஆங்கிலவழி மட்டும். ஆறு ஆண்டுப் பிரெஞ்சு அங்கே வாரத்தில் சில மணி நேரமாகச் சுருங்கிவிடும். ஆனால் ஜனவரிப் பனியில், இருட்டு விலகாத காலையில், தனியாக ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் பஸ் மாறுவதை நான் விரும்பவில்லை. படிவத்தில் 'மாணவி எழுத வேண்டிய பகுதி' என்று அரைப் பக்கம் இருந்தது. அதை நானே நிரப்பி, அருகிலுள்ள பள்ளியே தன் விருப்பம் என்று அவள் சொல்வதுபோல எழுதி அனுப்பியிருந்தேன். நம் ஊரில் பிள்ளையின் விடுப்புக் கடிதத்தை அப்பாதானே எழுதுவார்? அவளே எழுத வேண்டும் என்று பள்ளி திருப்பி அனுப்பியது. நான் அவளுடைய தந்தை, எழுத எனக்கு முழு உரிமை உண்டு என்று பதில் போட்டேன். இன்று வந்தது ஒரே வரி: "ஆமாம், அதனால்தான் அவளைக் கேட்கிறோம். புதன்கிழமைக்குள் அனுப்புங்கள்."

பத்தேகாலுக்கு அவளைச் சிதம்பரம் அழைத்துப் போனேன். ஆறாம் வகுப்பில் அப்பா என்னைக் கடலூர்த் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து எடுத்து, அங்கே பெரியப்பா வீட்டில் விட்டு ஆங்கிலவழியில் சேர்த்தார். அந்த ஆண்டு முழுக்க வகுப்பில் நான் சொன்னது "ப்ரசென்ட் சார்" மட்டும். அந்த ஆங்கிலம்தான் பிறகு என்னை ஆட்டவா வரை கொண்டுபோனது. அதனால் அப்பா செய்தது தவறு என்று சொல்லவும் வாய் வருவதில்லை.

அந்தப் பழைய பள்ளியின் வாசலில் இதைச் சொன்னதும் ரோஷினி கேட்டாள்: "உங்கள கேட்டாங்களாப்பா?"

"இல்ல."

"கோவம் வரலையா?"

பஸ் போய்விடும் என்று சொல்லி வேகமாக நடந்தேன்.

மாலை ஐந்துக்கு அவளிடம் வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தேன். இருபது நிமிடம். பதினொரு வரி. எல்லாம் பிரெஞ்சு. நான்காவது வரியில் மட்டும் தமிழ் எழுத்தில் 'அப்பா' என்று இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரியவில்லை.

ஆரோக்கியம் எட்டிப் பார்த்தான். "பாண்டிச்சேரில நம்ம கூட்டாளி ஒருத்தன் ஃப்ரெஞ்சு வாத்தியாரு, மாமா. போட்டோ புடிச்சு அனுப்புனா அஞ்சு நிமிஷத்துல சொல்லிப்புடுவான். நீங்க ரேஷன் பில்லையே மூணு தபா படிக்கிற ஆளு, இத படிக்காம அனுப்புவீங்களா?"

ரோஷினி சிரிக்கவில்லை. "படிக்கப் போறீங்களாப்பா?"

தாளை மடித்து என் நாட்குறிப்புக்குள் வைத்தேன். வேறு நாட்டில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தப் பயம் தெரிந்திருக்கும். அவளை அந்தப் பிரெஞ்சு வழிப் பள்ளிக்கு அனுப்பினால் நான் பின்தொடர முடியாத இடத்துக்குப் போய்விடுவாள் என்று பயந்திருந்தேன். அவள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறாள்.

ஜனவரி 8, புதன்கிழமை. ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். விடிந்ததும் ஜன்னலோர வெளிச்சத்தில் தாளை விரித்துப் படம் எடுத்தேன். பள்ளிக்கு மட்டும் அனுப்பினேன்.