கை தூக்கித் தீர்மானித்த பிரபஞ்சம்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிதில் எங்களுக்கு ஓட்டுப் போடும் கிறுக்குப் பிடித்திருந்தது. மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் நாங்கள் நடத்திய வாசகசாலைச் சங்கத்தில், கூட்டத்துக்குத் தேநீரா காப்பியா என்பதைக்கூட ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, கை தூக்கித்தான் முடிவு செய்தோம். செயலாளர் நான். நில இலாகாவில் குமாஸ்தா என்பதால் விதிமுறைகளைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில் ரஷ்யாக்காரன் வானத்தில் ஓர் உலோகப் பந்தைச் சுற்றவிட்டான். உடனே எங்கள் சங்கத்துக்கும் அண்டவெளியில் அக்கறை வந்துவிட்டது. 'பிரபஞ்சத்துக்கு முடிவு உண்டா?' என்று விவாதக் கூட்டம் அறிவித்தோம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலச் சட்டம் அமலில் இருந்ததால் கூட்டம் போட போலீஸ் அனுமதி வேண்டும். மனுவைப் படித்த அதிகாரி, பிரபஞ்சத்தின் அந்தக் கடைசியில் கம்யூனிஸ்ட் யாரும் இல்லையே என்று மலாயில் கேட்டார். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். முத்திரை குத்திவிட்டார்.

தலைவர், ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். 'முடிவு இல்லை' என்று பேச வந்தவர் என் அறை நண்பர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர். தலைவரின் மகளைக் கட்டிக்கொள்ள விரும்பி அவர் ஆள் விட்டுக் கேட்டிருந்தார். பதில் இன்னும் வரவில்லை. தலைவருக்கோ பிரபஞ்சத்துக்கு முடிவு உண்டு என்பதில் சந்தேகமே கிடையாது.

"பேசாம தோத்துடுடா," என்றேன் நண்பரிடம். "அண்டத்துக்கு ஒரு வேலி போட்டா உனக்கென்ன? பொண்ணு கிடைக்கும்லா."

"பாப்போம்," என்றார்.

கூட்டத்தில் தலைவர் முன்னுரையிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "எந்த நிலத்துக்கும் எல்லைக்கல் உண்டு. அண்டம் மட்டும் என்ன ஒசத்தி? கடைசியில ஒரு சுவரு கண்டிப்பா இருக்கும்."

ஆசிரியர் எழுந்தார். "சரிங்கய்யா, சுவரு இருக்கு. அதுக்கு அந்தப் பக்கம்?"

"அரசாங்க நிலம்."

சபை சிரித்தது. எங்கள் இலாகா வழக்கப்படி அது சரியான பதில்தான். யாருக்கும் பட்டா இல்லாததெல்லாம் அரசாங்க நிலம். நண்பர் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம்.

"அந்த நிலத்துக்கும் எல்லைக்கல் வேணுமேய்யா. அதுக்கு அந்தப் பக்கம்?"

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கற்பனை செய்து வைத்திருந்த கல்யாணச் சாப்பாடு கண்ணெதிரே ஆறிப்போனது.

கை தூக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் சரிபாதி. சமமானால் தலைவரின் ஓட்டே முடிவு என்பது விதி. அவர் கையைத் தூக்கப்போன நேரத்தில் பெண்கள் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அவருடைய மகள். 'முடிவு இல்லை' பக்கம்.

"உனக்கெதுக்கும்மா இதெல்லாம்? கையை எறக்கு."

அவள் இறக்கவில்லை. "அவரு கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையேப்பா."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "என்னய்யா செயலாளரே, பொம்பளைங்க ஓட்டு செல்லுமா?"

எங்கள் விதியில் 'வந்திருப்போர்' என்றுதான் இருந்தது. மீசையைப் பற்றி ஒன்றும் இல்லை. அதுவரை பெண்கள் கை தூக்காததற்குக் காரணம், அவர்களை யாரும் கேட்காததுதான்.

"செல்லும்யா. எண்ணிக்கையை நான் இன்னும் முடிக்கல."

ஆக, ஒரே ஓட்டு வித்தியாசத்தில் பிரபஞ்சத்துக்கு முடிவு இல்லை என்ற தீர்மானம் மலாக்காவில் நிறைவேறியது. ரத்து செய்யக் கோரி இதுவரை யாரும் மனுப் போடவில்லை. எனவே அது இன்றும் அமலில் இருக்கிறது.

தலைவர் மகளின் கையையும் ஆசிரியரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தப் புடவையை எடுக்கப் போகிறார்கள் என்பதை வாடிக்கையாளரின் விரலை வைத்தே சொல்லிவிடும் மனிதர் அவர்.

"தம்பி, ஞாயித்துக்கிழம உங்க அப்பாவ வீட்டுக்கு வரச் சொல்லுங்க," என்றார். "உங்ககிட்ட பேசி எனக்கு வாய் வலிக்குது."

அடுத்து நன்றியுரை. நிகழ்ச்சி நிரலில் இருந்ததால் வாசித்து முடித்தேன். மாப்பிள்ளை அதைக் கேட்கும் நிலையில் இல்லை.