படகைத் தட்டிய ரொட்டி

அன்று மாலை செவர்ன் ஆற்றங்கரையில் இருந்தவர்கள்: மரண விசாரணை அதிகாரி பெர்ரோட், படகோட்டி ஈனோக், ரொட்டிக்கடை ஹெஸ்தர், படகுத்துறையின் இரவுக் காவலாளியான நான். தண்ணீருக்கடியில் எங்கோ, ஜோப் மால்பஸ்.

நான் பாதிரியார் படிப்பைப் பாதியில் விட்டவன். பேய் பிசாசை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவன் இல்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

ஜோப் மூழ்கி இரண்டு நாள். பிணம் கிடைத்தால்தான் விசாரணை. விசாரணையில் ஈனோக்கின் படகு தப்புமா என்பதுதான் கேள்வி. சட்டப்படி, எது ஆளைக் கொல்கிறதோ அது அரசருக்குப் போய்விடும். வண்டியோ மாடோ படகோ, விதிவிலக்கு கிடையாது. ஈனோக்குக்கு ஐந்து பிள்ளைகள், ஒரே படகு.

"இங்கதாங்க ஐயா, கரையில சறுக்கி விழுந்தான். படகு அங்க கட்டிக் கெடந்துச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்றான்.

ஹெஸ்தர் கூடையிலிருந்து ரொட்டியை எடுத்தாள். உள்ளே பாதரசம் அடைத்த ரொட்டி. பிணம் கிடக்கும் இடத்துக்கு மேலே போய் அது நின்றுவிடும். எங்கள் ஊரில் அப்படித்தான் தேடுவோம்.

"சைலஸ், நீ கொஞ்சம் தள்ளி நில்லு. உன் மூஞ்சிய பாத்தா ரொட்டி உன்னையே பொணம்னு நெனச்சு வந்துரும்" என்றாள் என்னிடம்.

எல்லோரும் சிரித்தோம். ஈனோக் சிரிக்கவில்லை.

ரொட்டி நீரோட்டத்தோடு கொஞ்ச தூரம் போனது. நின்றது. பிறகு திரும்பியது.

நீரோட்டத்தை எதிர்த்து வந்தது. ஆற்றின் மேல்பக்கம் கட்டியிருந்த படகை நோக்கி.

டொக்.

வலது விளிம்பில் முட்டியது. ஈனோக் துடுப்பால் தள்ளிவிட்டான். திரும்பி வந்தது. டொக்... அதே இடம்.

"ஏதாவது சுழல் இருக்கும்" என்றார் பெர்ரோட்.

படகுக்கு அடியில் கொக்கியைப் போட்டோம். ஜோப் வந்தான். வலது கை விரல்கள் எதையோ பிடித்த மாதிரி மடங்கியிருந்தன.

மறுநாள் காலை சத்திரத்தில் விசாரணை. நடுவர்கள் பன்னிரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பிணத்தைப் பார்த்தார்கள். ஈனோக் பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தான். கரையிலிருந்து தவறி விழுந்த விபத்து என்று தீர்ப்பு. படகு தப்பியது.

அன்றிரவு துறையில் நான் தனியாக இருந்தேன். தேவாலய மணி ஒன்று அடித்தது.

டொக்.

விளக்கைத் தூக்கினேன். ரொட்டி படகின் வலது விளிம்பில் நின்றது. கையில் எடுத்தேன். ஈரமே இல்லை. இன்று சுட்டது போல.

டொக்... இப்போது ரொட்டி என் கையில் இருந்தது.

ஈனோக் குடிசையிலிருந்து ஓடிவந்தான். காலில் செருப்பில்லை.

"உனக்கும் கேக்குதா?"

"கேக்குது."

"அந்த எடத்தத்தான் புடிச்சான் தம்பி. படகு சாஞ்சு அவனத் தள்ளிருச்சு. புடிச்சுக்கிட்டே தொங்குனான். நான் தூக்குறதுக்குள்ள கை விட்டுருச்சு... நான் பொய் சொல்லிட்டேன். அரசரு படக எடுத்துக்கட்டும்."

சத்திரத்தில் தங்கியிருந்த பெர்ரோட்டை எழுப்பினோம். கதவைப் பாதிதான் திறந்தார்.

"தீர்ப்பு சொல்லியாச்சு. பொய்ச் சத்தியம்னு உள்ள தள்ளட்டுமா? வீட்டுக்குப் போய்யா."

ஈனோக் வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் துறைக்கு வந்து படகை அவிழ்த்தான். "ஜோப்கிட்டயே குடுத்துடுறேன்" என்றான். நான் கயிற்றைப் பிடிப்பதற்குள் இருட்டுக்குள் போய்விட்டான்.

டொக்... டொக்...

நின்றது.

விடிந்தபோது படகு ஆற்றின் நடுவில் காலியாக நின்றது. கயிறு இல்லை. நங்கூரம் இல்லை. ஆனாலும் நகரவில்லை.

ஹெஸ்தர் கடைக்குப் போனேன்.

"ஈனோக்கத் தேட இன்னொரு ரொட்டி வேணும். பாதரசம் வெச்சு."

அவள் அலமாரியிலிருந்து பாதரசக் குப்பியை எடுத்துக் காட்டினாள். மெழுகு முத்திரை உடையவில்லை.

"அன்னிக்கு அவசரத்துல வெக்க மறந்துட்டேன் சைலஸ். அது வெறும் ரொட்டி. உங்க யாருகிட்டயும் சொல்ல தைரியம் வரல."

அந்த ரொட்டியைத் துறையிலேயே போட்டுவிட்டு வந்திருந்தேன்.

வாசற்படியில்...

டொக்.

"நான் சொன்ன மாதிரியே உன்னத் தேடி வந்துருச்சு." ஹெஸ்தரின் இரண்டு கைகளும் என் முதுகில் பட்டன. தெருவில் போய் விழுந்தேன். பின்னால் கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.