மச்சான் போட்ட கல்

கையெழுத்தையும் பிழைகளையும் மன்னிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். கிருமாம்பாக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன்.

கட்டடக் கல்லின் பலத்தைச் சோதிக்கும் மிஷினுக்கு ஒரு வரைபடத்தை ஓர் இன்ஜினியர் பெண் கொண்டுவந்தார். யாரும் செய்துகொள்ளட்டும் என்று இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டிருக்கிறார்களாம். இரும்புச் சட்டம், லாரி ஜாக்கி, அழுத்தத்தைக் காட்டும் ஒரு மீட்டர், அவ்வளவுதான். குறைந்த செலவில் செய்து முடித்தோம்.

புது மிஷினுக்குச் சூடம் காட்டி, முதலில் சொந்தப் பொருளைக் கொடுப்பது எங்கள் வழக்கம். நான் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் சிமென்ட் கல் ஒன்றை வைத்தேன். மறுநாள் அந்த வீட்டுக்கு மேல்தளம் போடுவதாக இருந்தது. ஜாக்கியை லேசாக அழுத்தியதுமே கல் ரஸ்க் போல உதிர்ந்தது.

அந்தக் கல்லை அச்சில் போட்டுக் கொடுத்த என் மச்சான் அங்கேயே நின்றிருந்தான். சிமென்ட்டைக் குறைத்து மிச்சம் பிடித்த திருட்டுப் பயலே என்று கத்தத் தோன்றியது. கூச்சத்தில் வாய் வரவில்லை.

"இன்னா மாமா மொறைக்கிற? உன் மிஷினுதான் கோளாறு. எங்க வூட்டுக் கல்ல வெச்சிப் பாரு" என்று எதிரே இருந்த தன் வீட்டுக்கு ஓடி, கட்டி மிஞ்சிய கல் ஒன்றைத் தூக்கி வந்தான். அதுவும் உதிர்ந்தது.

"கல்லுக்குத் தண்ணி விட்டீங்களா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"தண்ணியா? செங்கல்லு மாதிரி வெயில்ல நல்லா காய வெச்சேனே!"

"சிமென்ட் கல்லுக்குத் தண்ணி விடணுங்க. இல்லன்னா பலமே வராது."

மச்சான் முகம் வெளுத்துவிட்டது. தன் வீட்டைப் பார்த்துக் கத்தினான்.

"அடியே, கொயந்தைங்கள இட்டுகினு வெளிய வாடி!"

நான் யாரைத் திருடன் என்று நினைத்தேனோ, அவன் அதே கல்லுக்கு நடுவில்தான் தன் பிள்ளைகளையும் தூங்கவைத்திருந்தான். என் கூச்சத்துக்காக நான் சந்தோஷப்பட்டது அன்று மட்டும்தான்.

இதை எழுதி முடித்தது தை அமாவாசை அன்று.