மீண்டும் தாதியான எங்கள் அக்கா

எங்கள் அக்காவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, வணக்கம். அக்கா அமைதியானவர், விட்டுக்கொடுத்துப் போகிறவர் என்று எழுதித் தரும்படி பெரியவர்கள் கேட்டார்கள். முதலாவது உண்மை. இரண்டாவதை நான் எழுதப் போவதில்லை. கூடப்பிறந்த தங்கைக்கு அவரைத் தெரியும்.

சல்லி என்ற எங்கள் கடலோர ஊரில், மீன்பிடிக் குடும்பமொன்றின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அப்பா நோயில் விழுந்த பின் அம்மா கருவாடு விற்று அவரைப் படிப்பித்தார். தாதியர் பயிற்சி முடிந்ததும் கந்தளாய்ப் பக்கத்து ஆசுபத்திரியொன்றில் நியமனம் கிடைத்தது. வாட்டில் வயதான தமிழ்ப் பெண்ணை 'அம்மா' என்பார், சிங்களப் பெண்ணை 'அம்மே' என்பார், முஸ்லிம் பெண்ணை 'உம்மா' என்பார். தன்னிலும் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. தலைமாட்டு அட்டையில் பெயரைக் கண்ணால் சரிபார்த்துவிட்டு மருந்தைக் கொடுப்பார்.

அத்தானைக் கைப்பிடித்து இங்கிலாந்து போனபோது படிப்பும் கூடவே போகும் என்று நம்பினோம். அந்த நாடு அக்காவை உள்ளே விட்டது, படிப்பை வாசலில் நிறுத்தியது. அங்கே தாதியாகப் பதிவு பெற எழுதும் ஆங்கிலச் சோதனையில் எழுத்துப் பகுதி அரைப் புள்ளியால் தவறும். திரும்ப எழுதுவார், திரும்பத் தவறும். இதற்கிடையில் முதியோர் இல்லமொன்றில் குளிக்க வார்த்து உடை மாற்றிவிடும் வேலை. "இங்க ஆசுபத்திரி மிஸ்ஸியாய் இருந்தவள், அங்க ஆயா வேலை பாக்கிறாளாம்" என்று ஊரில் கதை. அதைத் தொலைபேசியில் சொல்லி நான் அழுதேன்.

"கழுவுறது குறைச்சலான வேலையோ? கந்தளாயிலயும் கழுவினனான், இங்கயும் கழுவுறன். ஊசி போடத் தெரிஞ்ச கையைச் சும்மா வச்சிருக்கத்தான் ஏலாது" என்றார் அக்கா.

ஒருவழியாக ஆங்கிலத்தில் தேறி, செயன்முறைப் பரீட்சைக்குப் போனார். நோயாளியாக நடிக்க ஒரு வயதான பெண்ணைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். அக்கா மணிக்கட்டுப் பட்டியில் பெயரைப் பார்த்தார். "மதர்" என்று அன்பாக அழைத்துச் சரியான குளிசையைச் சரியான அளவில் கொடுத்தார். தோற்றார். நோயாளியின் வாயாலேயே பெயரையும் பிறந்த திகதியையும் சொல்லவைத்து, பட்டியோடு ஒப்பிட்ட பிறகே மருந்து கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அக்கா அதைப் படித்துத்தான் போனார். ஆனால் படுத்திருக்கும் ஒரு மூத்தவரிடம், தெரிந்த பெயரையே திரும்பக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. "மரியாதை தெரிஞ்சதுக்கோ பெயிலாக்கினவை? அவையோட சண்டை பிடியுங்கோ அக்கா" என்றேன்.

"இல்லைப் பிள்ளை. ஒரு வாட்டில ரெண்டு மதர் கிடந்தால் மருந்து மாறிப்போகும்தானே. அவை கேக்கிறது ஞாயம். நான் திரும்பப் போவன்."

அன்றிலிருந்து பயிற்சி எங்கள் வீட்டில் நடந்தது. காணொளி அழைப்பில் அம்மாவைக் கட்டிலில் படுக்கச் சொல்வார். "உங்கட முழுப் பேரைச் சொல்லுங்கோ. பிறந்த திகதியையும் சொல்லுங்கோ."

"பெத்த தாயிட்டயே பேர் கேக்கிறாய். உனக்கென்ன விசரே?" என்று அம்மா எழும்பிவிடுவார்.

அக்கா விடவில்லை. போகப் போக, அழைப்பு வந்ததுமே அம்மா பெயரையும் திகதியையும் ஒப்புவித்துவிட்டுத்தான் "சாப்பிட்டியோ?" என்று கேட்பார்.

அடுத்த முறை அக்கா தேறினார். நீலச் சீருடையில் அவர் அனுப்பிய படத்தை அம்மா சல்லி முழுக்கக் காட்டித் திரிந்தார். சில ஆண்டுகள்தான். பிறகு புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்கு இடையிலும் ஏலுமான நாட்களில் வேலைக்குப் போனார். அவரது சாம்பலை எங்கள் கடலில் கரைத்த அன்று மாமா ஒருவர் என்னிடம், "இந்தக் கொஞ்சக் காலத்துக்கோ இவ்வளவு பாடுபட்டவள்?" என்று கேட்டார். ஓம் மாமா, அந்தக் கொஞ்சக் காலத்துக்காகத்தான்.

அக்கா படிக்கும்போதெல்லாம் குசினியில் சமையலைப் பார்த்துக்கொண்ட அத்தானுக்கும், கந்தளாயிலிருந்து சான்றுகளைத் தேடி அனுப்பிய கிண்ணியாத் தோழிக்கும், இறுதிக் காலத்தில் பராமரித்த தாதியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவை இளக்காரமாகக் கதைத்தவர்களும் இன்று வந்திருப்பீர்கள். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அக்கா என்றால் உங்களுக்கும் நன்றி சொல்லியிருப்பார். எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக ஒன்று. இந்த மலரின் அட்டையில், படத்துக்குக் கீழே 'முன்னாள் தாதி' என்று அச்சுக்குக் கொடுத்திருந்தார்கள். முதற்சொல்லை நான் வெட்டிவிட்டேன். அக்கா கண்மூடிய அன்றும் அவரது தாதிப் பதிவு செல்லுபடியாகத்தான் இருந்தது.